நுண்ணோக்கியின் கீழ் ஒரு வணிகப் போர்

சந்தையும் தர விதியும்: வரலாற்றுத் தொடர், இயல் 9

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியச் சந்தைகளில் ஒரு சரக்கின் தரத்தைப் பழக்கமுள்ள வணிகர் கண்ணாலும் கையாலும் நாக்காலும் பெரும்பாலும் கண்டுகொள்ள முடிந்தது. துணியின் நெசவையும் வெள்ளியின் மாற்றையும் சோதித்து முத்திரையிட்ட கைவினைக் குழுக்களைப் பற்றி முந்தைய இயல்கள் விரித்துரைத்தன; அவ்வகை முத்திரையை நம்பாத வணிகர் தாமே அளந்தோ உரைத்தோ பார்த்துக்கொள்ள வழி இருந்தது. 1879 முதல் 1891 வரை அமெரிக்கப் பன்றி இறைச்சியை முன்னிட்டு ஐரோப்பிய அரசுகளுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த பூசலில் அந்த வழி அடைபட்டிருந்தது. அங்கே குற்றம் சாட்டப்பட்ட குறை எவர் கண்ணுக்கும் தெரியாதது. நல்ல இறைச்சியும் நோயுள்ள இறைச்சியும் நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ வேறுபடவில்லை. ஆகவே யார் சோதிப்பது, அந்தச் சோதனையை யார் நம்புவது, அதன் செலவை யார் ஏற்பது என்ற மூன்று கேள்விகளும் வணிகத்தின் நடுவே வந்து நின்றன. 'பன்றி இறைச்சிப் போர்' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இந்தப் பன்னிரண்டாண்டுப் பூசலின் போக்கையும், அது முடிவுக்கு வந்த விதத்தையும், அதனால் பயனடைந்தோர் யார் என்பதையும் இந்த இயல் ஆராய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குறை

1835-இல் லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் முதலாண்டு மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜெட், பயிற்சிக்காக அறுக்கப்பட்ட சடலத்தின் தசையில் சுண்ணாம்புத் துகள் போல் விரவிக் கிடந்த வெண்புள்ளிகளைக் கவனித்து, அவற்றுள் சுருண்டு கிடந்த நுண்புழுவை நுண்ணோக்கியின் உதவியால் கண்டறிந்தார். உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அதற்கு டிரைக்கினா என்று பெயரிட்டார். அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் அப்புழு மனிதருக்குத் தீங்கு செய்யாத விந்தையாகவே கருதப்பட்டது. 1860-இன் தொடக்கத்தில் டிரெஸ்டன் நகர மருத்துவமனையில், டைபாய்டு என்று எண்ணப்பட்ட காய்ச்சலால் ஒரு பணிப்பெண் இறந்தபோது, அவருடைய உடலை ஆய்ந்த ஃபிரெடெரிக் சென்கர் தசைகளெங்கும் உயிருள்ள டிரைக்கினாப் புழுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். அப்பெண் வேலை செய்த இடத்தில் கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு பன்றி அறுக்கப்பட்டதும், அதன் இறைச்சியை உண்ட வேறு சிலரும் நோயுற்றதும், எஞ்சியிருந்த தொடையிறைச்சியிலும் சாசேஜிலும் அதே புழு இருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

பெர்லினில் ருடால்ஃப் விர்க்கோவும், அவரைப் போலவே ருடால்ஃப் லாய்க்கார்ட்டும் நடத்திய ஆய்வுகள் புழுவின் வாழ்க்கைச் சுற்றைத் தெளிவாக்கின. பன்றியின் தசையில் உறைக்குள் அடங்கியிருக்கும் இளம்புழு, அந்த இறைச்சியை வேகவைக்காமல் உண்ணும் மனிதரின் குடலில் உறை நீங்கி வளர்ந்து, ஆயிரக்கணக்கான புழுக்களை ஈனுகிறது; அவை குருதி வழியே தசைகளுக்குப் பரவுகின்றன; இந்நோயே டிரைக்கினோசிஸ் எனப்படுகிறது. நன்கு வேகவைத்தால் புழு இறந்துவிடும் என்பதால், பன்றி இறைச்சியை எப்போதும் சமைத்தே உண்ட பிரிட்டனிலும் பிரான்சிலும் நோய் அரிதாக இருந்தது. கொத்திய இறைச்சியைப் பச்சையாக ரொட்டியில் தடவி உண்ணும் வழக்கம் பரவலாக இருந்த வட ஜெர்மனியில் நிலைமை வேறு. 1865-இல் பிரஷ்யாவின் சாக்சனி மாகாணத்தைச் சேர்ந்த ஹெடர்ஸ்லேபன் என்ற சிற்றூரில் 337 பேர் நோயுற்று 101 பேர் மாண்டனர்.

இந்தப் பேரழிவுக்குப் பின், அறுக்கப்படும் பன்றி ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியால் சோதிக்க வேண்டும் என்று விர்க்கோவ் வற்புறுத்தினார்; ஜெர்மானிய நகரங்களும் அரசுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கட்டாயமாக்கின. ஊர்தோறும் நாவிதர், ஆசிரியர், மருந்தாளுநர் எனப் பல தொழிலினர் குறுகிய காலப் பயிற்சி பெற்று இறைச்சி ஆய்வாளர்களாயினர். தசையிலிருந்து வெட்டிய மெல்லிய துணுக்கை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிப் பார்க்கும் இந்த எளிய சோதனை, ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களைக் கொண்ட ஒரு பொது நிர்வாக ஏற்பாடாக வளர்ந்தது. இந்த ஏற்பாடு உண்மையான உயிரிழப்புகளிலிருந்து பிறந்தது என்பதையும், உள்நாட்டுப் பன்றிக்கே முதலில் விதிக்கப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ளாவிட்டால், பின்னால் வந்த தடைகளை வெறும் வணிகச் சூழ்ச்சி என்று எளிதில் ஒதுக்கிவிட நேரும்.

சிகாகோவின் மலிவு

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1865-இன் இறுதியில் சிகாகோவில் திறக்கப்பட்ட யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பெருங்கால்நடைச் சந்தை, மேற்குச் சமவெளிகளின் இரயில்பாதைகளை ஓரிடத்தில் இணைத்தது. அயோவா, இல்லினாய் மாநிலங்களின் உழவர்கள் மிகுதியாக விளைந்த மக்காச்சோளத்தைத் தானியமாக விற்பதைவிடப் பன்றிக்கு ஊட்டி விற்பது இலாபம் என்று கண்டனர். தொலைதூரச் சந்தைக்கு அனுப்பும் செலவு அதனால் வெகுவாகக் குறைந்தது. சிகாகோவின் பதப்படுத்தும் நிறுவனங்கள் பன்றியைக் கொக்கியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரே வெட்டை மட்டும் செய்யும்படி வேலையைப் பிரித்து, இறைச்சி, கொழுப்பு, குடல், மயிர் என எதையும் வீணாக்காமல் விற்றன. உப்பிட்ட பேக்கனும் பன்றிக் கொழுப்பும் பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் அடைக்கப்பட்டு நீராவிக் கப்பல்களில் ஏறி, லிவர்பூல், ஹாம்பர்க், பிரேமன், லஹாவ்ர் துறைமுகங்களில் உள்நாட்டு இறைச்சியைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு இறங்கின. ரைன் பகுதியிலும் சாக்சனியிலும் இருந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது எட்டக்கூடிய இறைச்சியாயிற்று.

மலிவான அமெரிக்கத் தானியமும் இறைச்சியும் ஒருசேரக் குவிந்தபோது ஐரோப்பிய வேளாண்மை நெருக்கடியில் சிக்கியது. கிழக்குப் பிரஷ்யாவின் பெருநிலக்கிழார்களான யுங்கர்கள், அதுவரை தானிய ஏற்றுமதியாளர்களாக இருந்ததால் தடையற்ற வணிகத்தை ஆதரித்தவர்கள், இப்போது காப்பு வரி கேட்டனர். இரும்பு ஆலை முதலாளிகளும் அதையே கேட்டனர். உள்நாட்டுப் பொருளுக்குப் போட்டி குறையும் வகையில் இறக்குமதிப் பொருள்மீது விதிக்கப்படும் சுங்கவரியே காப்பு வரி. இவ்விரு தரப்பாரின் கூட்டணியை அடித்தளமாகக் கொண்டு பிஸ்மார்க் 1879 ஜூலையில் புதிய சுங்கவரிச் சட்டத்தை நிறைவேற்றினார். நோயச்சமும் வரிக் கோரிக்கையும் ஒரே ஆண்டில் ஒரே சரக்கின்மீது வந்து குவிந்தன.

தடைகளின் வரிசை

முதல் தடையை 1879-இல் இத்தாலி விதித்தது. போர்த்துகலும் கிரீசும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. 1880 ஜூனில் ஜெர்மனி, கொத்திய இறைச்சியையும் சாசேஜையும் மட்டும் தடை செய்து, தொடையையும் பேக்கனையும் அனுமதித்தது. கொத்திய இறைச்சியில் பல பன்றிகளின் தசை கலந்துவிடுவதால் எந்தத் துணுக்கைச் சோதித்தாலும் முழுச் சரக்குக்கும் உறுதி கூற முடியாது. முழுத் துண்டாக வரும் தொடையை உள்நாட்டு ஆய்வாளரே சோதித்துக்கொள்ளலாம். இந்த அளவில் ஜெர்மானிய விதிக்குத் தருக்க அடிப்படை இருந்தது.

அடுத்த தடைகளில் அந்தக் கவனம் குறைந்தது. 1880-இன் இறுதியில் பிலடெல்பியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலர் ஒருவர், இல்லினாயில் பன்றிக் காலராவால் இலட்சக்கணக்கான பன்றிகள் மாண்டதாகவும், நோயுற்ற ஒரு மனிதரின் தோலிலிருந்து புழுக்களைச் சுரண்டி எடுத்ததாகவும் தம் அரசுக்கு எழுதினார். பன்றிக் காலரா மனிதரைத் தொற்றாத நோய். டிரைக்கினாப் புழுவைத் தோலிலிருந்து சுரண்டி எடுப்பதும் நடவாத செயல். எனினும் இரண்டையும் குழப்பிய அந்த அறிக்கை அச்சேறி ஐரோப்பியச் செய்தித்தாள்களில் பரவியது. 1881 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கப் பன்றி இறைச்சியை முற்றாகத் தடை செய்தது. அதே ஆண்டில் ஆஸ்திரியா-ஹங்கேரியும் துருக்கியும் ருமேனியாவும் தடை விதித்தன. 1883 மார்ச்சில் ஜெர்மனி தன் தடையை எல்லா வகைப் பன்றி இறைச்சிக்கும் விரிவாக்கியது. ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்குக்கு மூடப்பட்டது. பிரிட்டன் மட்டும் திறந்த பெருஞ்சந்தையாக எஞ்சியது.

பிரான்சின் நிலை குறிப்பாக ஆராயத்தக்கது. அங்கே இறைச்சியைப் பச்சையாக உண்பாரில்லை. டிரைக்கினோசிஸ் பெருநோயாகப் பரவிய வரலாறும் இல்லை. அமெரிக்க இறைச்சியால் பெரிய தீங்கில்லை என்று பாரிஸ் மருத்துவக் கழகத்தின் அறிஞர்கள் கருதினர். 1883 நவம்பரில் அரசு தடையை நீக்கியது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும் ஒரு மாதத்திலேயே தடை திரும்பிவந்தது. அந்த ஒரு மாதத்தில் மருத்துவச் சான்று எதுவும் மாறவில்லை. மாறியது அவையில் இருந்த வேளாண் உறுப்பினர்களின் அழுத்தம்.

அச்சமும் காப்பும்

ஜெர்மனியில் வாதம் மேலும் சிக்கலானது. கட்டாய நுண்ணோக்கிச் சோதனையை உருவாக்கப் பாடுபட்ட விர்க்கோவ், 1880 முதல் ரைக்ஸ்டாக் எனப்படும் பேரரசு நாடாளுமன்றத்தில் முற்போக்குக் கட்சி உறுப்பினராகவும் இருந்தார்; முழுத் தடையை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். உள்நாட்டில் சோதனை ஏற்பாடு இருக்கும்போது இறக்குமதி இறைச்சியையும் அதே சோதனைக்கு உட்படுத்துவது போதுமானது என்பதும், அமெரிக்க இறைச்சியால் ஜெர்மனியில் நோய் பரவியதாகச் சான்று இல்லை என்பதும் தடையை எதிர்த்தோரின் வாதங்கள். 1883-இன் இலையுதிர் காலத்தில் சாக்சனி மாகாணத்தின் எமர்ஸ்லேபனில் டிரைக்கினோசிஸ் மீண்டும் பரவிப் பலர் இறந்தனர். முழுத் தடை நடைமுறைக்கு வந்து பல மாதங்களுக்குப் பின் நிகழ்ந்த இந்தச் சாவுகளுக்குக் காரணம் பச்சையாக உண்ணப்பட்ட உள்ளூர்ப் பன்றியின் இறைச்சியே. தடையால் தடுக்க முடியாத இடத்தில் நோய் இருந்தது.

ஆயினும் அமெரிக்கத் தரப்பின் மறுப்பும் முழு உண்மையன்று. தங்கள் பன்றிகள் உலகிலேயே நலமானவை என்று சிகாகோ நிறுவனங்கள் கூறிவந்தன. பின்னர் அமெரிக்க அரசே நடத்திய நுண்ணோக்கிச் சோதனைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பன்றிகளில் புழு இருப்பது தெரியவந்தது. இவ்விகிதம் ஜெர்மானியப் பன்றிகளில் காணப்பட்டதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆனால் அமெரிக்க இறைச்சி நன்கு உப்பிடப்பட்டு வாரக்கணக்கில் பயணப்பட்டு வந்ததால் புழுக்களில் பெரும்பாலானவை உயிரிழந்திருந்தன. ஆகவே இறைச்சியில் புழு இருந்தது என்ற ஜெர்மானியக் கூற்றும், அதனால் எவரும் சாகவில்லை என்ற அமெரிக்கக் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிந்தது. தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்று பொருளில் இருப்பது ஒன்று. உண்பவருக்கு அதனால் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முன்னதை இன்றைய துறை வழக்கு இடர்மூலம் என்றும் பின்னதை இடர் என்றும் பிரிக்கிறது. பிரித்துப் பேசும் ஒப்புக்கொண்ட முறை அன்று இல்லாததால் இரு தரப்பும் தத்தமக்கு வசதியான பாதியையே பிடித்துக்கொண்டன.

அரசியல் முறைகளும் பயன் தரவில்லை. 1883-இல் அதிபர் செஸ்டர் ஆர்தர், அமெரிக்கப் பன்றி வளர்ப்பையும் பதப்படுத்தும் முறைகளையும் ஆராய ஒரு குழுவை அமைத்து, ஜெர்மனி தன் வல்லுநர்களை அனுப்பி நேரில் காணலாம் என்று அழைத்தார். பிஸ்மார்க்கின் அரசு அழைப்பை ஏற்கவில்லை. பெர்லினில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆரன் சார்ஜெண்ட், தடையின் சுமை ஜெர்மானிய ஏழைகளின்மீதும் பயன் நிலக்கிழார்களிடமும் சேர்கிறது என்ற பொருள்பட வாஷிங்டனுக்கு எழுதிய அறிக்கை வெளியே கசிந்து அச்சானது. பெர்லின் இதழ்கள் அவர்மீது கடும் தாக்குதல் தொடுக்க, 1884-இல் வேறு நாட்டுக்கு மாற்றப்பட்ட அவர் அப்பதவியை ஏற்காமல் விலகினார். நோக்கத்தைக் குற்றம் சாட்டும் வழி தடையை இறுக்கவே உதவியது. எந்த அரசும் தன் மக்களின் உடல்நலத்துக்காக இயற்றியதாகச் சொல்லும் விதியை, அது பொய் என்று பிறர் சொன்னதற்காக எளிதில் திரும்பப் பெறுவதில்லை.

விற்கும் நாட்டின் நுண்ணோக்கி

அமெரிக்காவுக்குள் இருந்த பெருந்தடை அரசமைப்பு சார்ந்தது. இறைச்சிக் கூடங்களைச் சோதிக்கும் அதிகாரம் மாநிலங்களிடமும் நகரங்களிடமும் இருந்ததே தவிர, ஐரோப்பிய அரசு நம்பத்தக்க சான்றிதழ் வழங்கும் அமைப்பு எதுவும் நடுவணரசிடம் இல்லை. கால்நடை விஷயத்திலும் இதே குறை முன்பே வெளிப்பட்டிருந்தது: 1879 முதல் பிரிட்டன், நுரையீரல் தொற்றுநோயை முன்னிட்டு, உயிருடன் வரும் அமெரிக்க மாடுகளை இறங்கிய துறைமுகத்திலேயே பத்து நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும் என்று விதித்திருந்தது. இந்த இரு அழுத்தங்களின் விளைவாக 1884 மே மாதம் வேளாண் துறையின்கீழ் விலங்குத் தொழிற் பணியகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டேனியல் சால்மன் கால்நடை மருத்துவர். சால்மோனெல்லா என்ற நுண்ணுயிர் இனம் அவர் பெயரைத் தாங்கியது.

பணியகம் அமைந்தும் ஏற்றுமதிச் சான்றிதழுக்கான சட்டம் வர மேலும் ஆறாண்டுகள் ஆயின. 1890 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிறைவேறிய சட்டம், ஏற்றுமதியாகும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் பேக்கனையும் சோதிக்க வழிசெய்தது. கலப்பட உணவையும் மதுவையும் இறக்குமதி செய்வதைத் தடுக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் அதிபருக்கு அளித்தது. பிரெஞ்சு, ஜெர்மானிய மதுவகைகளைக் குறிவைத்த ஆயுதம் அது என்பதை எவரும் மறைக்கவில்லை. உடல்நலத்தின் பெயரால் வந்த தடைக்கு உடல்நலத்தின் பெயராலேயே பதிலடி தயாரிக்கப்பட்டது. ஆனால் பெட்டியில் அடைத்த இறைச்சியை மேலோட்டமாகப் பார்க்கும் அச்சோதனையில் டிரைக்கினா தெரியவராது என்று ஐரோப்பியர் சுட்டிக்காட்டியதால், 1891 மார்ச் 3-ஆம் நாள் இரண்டாவது சட்டம் வந்தது. அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடையைச் சோதிக்கவும், அயல்நாடுகள் கேட்கும் பன்றி இறைச்சியை நுண்ணோக்கியால் ஆராயவும் அது வகைசெய்தது.

அந்த ஆண்டிலேயே சிகாகோவில் நுண்ணோக்கிக் கூடம் இயங்கத் தொடங்கியது. அறுத்துத் தொங்கவிடப்பட்ட ஒவ்வொரு பன்றியிலிருந்தும் உதரவிதானத் தசை, இடுப்பின் உட்புறத் தசை, தோளின் உட்புறம் அல்லது நாக்கின் அடி ஆகிய மூன்று இடங்களில் சிறு துண்டுகள் வெட்டப்பட்டன. புழு மிகுதியாகத் தங்கும் தசைகள் இவை. துண்டுகள் ஒரு சிறு தகரப் பெட்டியில் இடப்பட்டு, பன்றியின் உடலில் கட்டிய எண்ணே பெட்டியிலும் குறிக்கப்பட்டது. கூடத்தில் வரிசையாக அமர்ந்திருந்த ஆய்வாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், துண்டிலிருந்து கத்தரியால் மெல்லிய இழைகளை நறுக்கிக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தி, ஒவ்வொன்றாகப் பார்வையிட்டனர். புழு தென்பட்டால் அந்த எண்ணுக்குரிய பன்றி ஏற்றுமதிச் சரக்கிலிருந்து நீக்கப்பட்டது. மற்றவை அரசுச் சான்றிதழுடன் கப்பலேறின. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரஷ்யச் சிற்றூர்களில் உருவான சோதனை முறை, ஏறத்தாழ அதே வடிவில், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விற்பவரின் ஆலையில் நிறுவப்பட்டது.

சர்க்கரையும் சரடோகாவும்

சான்றிதழ் ஆயத்தமான பின்னும் கதவு தானாகத் திறக்கவில்லை. அதைத் திறந்த நெம்புகோல் வேறொரு சரக்கில் இருந்தது. 1890 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மெக்கின்லி சுங்கவரிச் சட்டம், சர்க்கரையை 1891 ஏப்ரல் முதல் வரியின்றி அனுமதித்தது. அமெரிக்கப் பொருள்களை நியாயமாக நடத்தாத நாடுகளின் சர்க்கரைக்கு மட்டும் மீண்டும் வரி விதிக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளித்தது. பீட்ரூட் சர்க்கரையில் ஐரோப்பாவின் முதன்மை ஏற்றுமதி நாடாக ஜெர்மனி வளர்ந்திருந்தது. அமெரிக்கா அதன் பெரிய வாடிக்கையாளர். பன்றித் தடையால் பயனடைந்த நிலக்கிழார்களுக்குள்ளேயே பீட்ரூட் பயிரிடுவோரும் சர்க்கரை ஆலை வைத்திருப்போரும் இருந்தனர் என்பதால், தடையைத் தொடர்வதன் விலை முதன்முறையாக அதை ஆதரித்தோரின் கணக்கிலேயே ஏறியது. 1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவியிலிருந்து நீங்கியதும், அவருக்குப் பின் வந்த காப்ரிவி உணவு விலையேற்றத்தைத் தணிக்கவும் வணிக உடன்படிக்கைகளை விரிக்கவும் விரும்பியதும் இதற்குத் துணைநின்றன.

1891 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் இரு நாட்டுப் பேராளர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அமெரிக்கச் சான்றிதழ் பெற்ற பன்றி இறைச்சியை ஜெர்மனி அனுமதிக்கும். ஜெர்மானியச் சர்க்கரைக்கு அமெரிக்கா தண்டனை வரி விதிக்காது. செப்டம்பர் 3-ஆம் நாள் ஜெர்மானியத் தடை நீங்கியது. ஆண்டு முடிவதற்குள் டென்மார்க், இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவையும் தடையை விலக்கின. இந்த முடிவில் நுண்ணோக்கிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனிப் பங்கு இருந்தது. சர்க்கரை வரியின் அச்சுறுத்தல் இல்லையேல் பெர்லினுக்கு இறங்கிவரக் காரணம் இருந்திராது. சான்றிதழ் இல்லையேல் இறங்கிவருவதை மக்கள் முன் நியாயப்படுத்தும் வழி இருந்திராது.

பயனடைந்தோரும் விடுபட்டோரும்

போட்டியின்மீது இப்பூசல் ஏற்படுத்திய விளைவுகள் தடை விதித்த நாடுகளின் எல்லையோடு நிற்கவில்லை. ஜெர்மனி 1887-இல், பன்றி நோயைக் காரணம் காட்டி, டென்மார்க்கிலிருந்து வந்த உயிர்ப் பன்றிகளையும் தடை செய்தது. ஹாம்பர்க் சந்தையை நம்பிக் கொழுத்த பன்றிகளை வளர்த்துவந்த டேனிய உழவர்கள், அதே ஆண்டில் ஹோர்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக் கூடத்தைத் தொடங்கி, கொழுப்புக் குறைந்த, ஒரே அளவான பேக்கனைப் பிரிட்டனுக்கு அனுப்பத் தலைப்பட்டனர். 1900-க்குள் இத்தகைய கூடங்கள் இருபதைத் தாண்டின. தங்கள் சரக்கின் பெயர் கெடாமல் காப்பதில் அவர்கள் மிகுந்த விழிப்புடன் இருந்தனர். 1888-இல் டென்மார்க்கும் அமெரிக்கப் பன்றி இறைச்சியைத் தடை செய்தது. பிரிட்டிஷ் காலை உணவு மேசையில் டேனிய பேக்கன் அமெரிக்க பேக்கனைவிட உயர்ந்த விலை பெறும் நிலைக்கு உயர்ந்ததற்கு, ஒரு சந்தை மூடப்பட்டதால் தரத்தின் வழியே மற்றொரு சந்தையைப் பிடிக்க வேண்டிய நெருக்கடியே தொடக்கம்.

அமெரிக்காவுக்குள்ளும் சந்தையின் அமைப்பு மாறியது. அரசு ஆய்வாளர்களை வரவழைத்து நிறுத்தவும், எண்ணிட்டுப் பிரித்து வைக்கவும், சான்றிதழுக்காகக் காத்திருக்கவும் வசதியுள்ள பெருநிறுவனங்களுக்கே ஏற்றுமதி வாய்ப்பு எளிதாயிற்று. ஊர்ப்புறத்துச் சிறு அறுப்புக் கூடங்களால் அந்த வரிசையில் நிற்க இயலவில்லை. சோதனைச் செலவைப் பொதுக் கருவூலம் ஏற்றதால் பெருநிறுவனங்களுக்கு அது சுமையாகவும் இல்லை. தர விதி அயல்நாட்டுப் போட்டியாளருக்கு எதிராக மட்டுமே செயல்படும் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, விதிக்கு உட்படும் நாட்டுக்குள்ளேயே அது பெரியோரையும் சிறியோரையும் பிரிக்கும் என்பதற்கு இது தெளிவான சான்று.

முற்றிலும் விடுபட்டவர் அமெரிக்க நுகர்வோர். நுண்ணோக்கிச் சோதனை அதைக் கேட்ட நாடுகளுக்குச் செல்லும் இறைச்சிக்கு மட்டுமே நடத்தப்பட்டது. சிகாகோவின் தொழிலாளர் குடியிருப்பில் விற்ற இறைச்சியை எந்த நுண்ணோக்கியும் பார்க்கவில்லை. ஹாம்பர்க்கில் வாழும் ஒருவருக்குக் கிடைத்த உறுதி, அந்தப் பன்றி அறுக்கப்பட்ட நகரத்தில் வாழ்ந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஏற்றுமதிக்கு ஒரு தரமும் உள்நாட்டுக்கு மற்றொரு தரமும் என்ற பிளவு இன்றும் பல நாடுகளில் நிலவுகிறது. அதன் தொடக்கக் கால வடிவங்களுள் ஒன்று இது.

உடன்பாட்டுக்குப் பின்னும் ஜெர்மானிய நகரங்கள் சான்றிதழுடன் வந்த இறைச்சியைத் தம் ஆய்வாளர்களைக் கொண்டு மீண்டும் சோதித்துவந்தன. 1893-இல் தோன்றிய வேளாண் கழகத்தின் செல்வாக்கால் 1900 ஜூனில் நிறைவேறிய இறைச்சிச் சோதனைச் சட்டம், தகரத்தில் அடைத்த இறைச்சியையும் சாசேஜையும் இறக்குமதி செய்வதைத் தடுத்ததோடு, உப்பிட்ட இறைச்சியில் தொடை, பேக்கன் நீங்கலாகப் பிற துண்டுகள் நான்கு கிலோவுக்குக் குறையக் கூடாது என்றும் விதித்தது. 1902-இல் போரிக் அமிலத்தால் பதப்படுத்துவதும் தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் ஓர் உடல்நலக் காரணம் கூறப்பட்டது. ஒவ்வொன்றும் அமெரிக்க ஏற்றுமதியின் ஒரு வகையைச் சரியாகத் தொட்டது. கண்ட ஐரோப்பாவில் வாங்குவோர் குறையக் குறைய, சிகாகோக் கூடத்தின் வேலையும் குறைந்து, 1906-இல் நுண்ணோக்கிச் சோதனை கைவிடப்பட்டது.

விதியின் நோக்கமும் விதியின் அமைப்பும்

ஒரு தர விதி உண்மையான அச்சத்தால் வந்ததா, உள்நாட்டு விற்பனையாளரைக் காப்பதற்காக வந்ததா என்று கேட்பது வழக்கம். ஹெடர்ஸ்லேபனின் சாவுகளும் யுங்கர்களின் வரிக் கோரிக்கையும் ஒரே தடையில் கலந்திருந்ததைக் காணும்போது, அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது என்பது தெளிவாகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நோக்கத்தைப் பற்றி நடந்த வாதம் எதையும் தீர்க்கவில்லை. எந்தத் தசையில், எத்தனை துண்டு, யார் கையால், யார் செலவில் சோதிப்பது என்பது வகுக்கப்பட்ட பின்னரே சரக்கு நகர்ந்தது. 1995 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் உலக வணிக அமைப்பின் உடல்நலப் பாதுகாப்பு ஒப்பந்தம், உணவு, கால்நடை, தாவர நலம் சார்ந்த இறக்குமதி விதிகள் அறிவியல் முறையிலான இடர் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும், ஏற்றுமதி நாட்டின் சோதனை முறை அதே அளவு பாதுகாப்பைத் தருமென்று நிறுவப்பட்டால் அதை ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. சரடோகாவில் சர்க்கரையைப் பணயமாக வைத்துப் பெற்றதை எழுதப்பட்ட விதியின் வழியே பெறும் முயற்சி இது.

ஆனால் அந்த ஒப்பந்தமும் சோதனைச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைப் பெரும்பாலும் ஏற்றுமதி நாட்டிடமே விட்டிருக்கிறது. 1891-இல் அமெரிக்கக் கருவூலம் அச்செலவைத் தாங்கியது. ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆய்வாளரும் இல்லாத நாடுகளின் சிறு உற்பத்தியாளர்களுக்கு அந்த வசதி இல்லை. வாங்குபவரின் விதி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அதை நிறைவேற்றும் கருவியும் பணமும் விற்பவரிடம் இல்லாதவரை, அவரளவில் அது தடையாகவே செயல்படும். சிகாகோவின் நுண்ணோக்கிக் கூடம் மூடப்பட்ட அதே 1906-ஆம் ஆண்டில், அப்டன் சின்க்ளேர் எழுதிய ஒரு நாவலின் அதிர்வில், அதுவரை விடுபட்டிருந்த அமெரிக்க நுகர்வோருக்கான இறைச்சிச் சோதனைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தைப் பெருநிறுவனங்கள் முதலில் எதிர்த்ததும் பின்னர் வரவேற்றதும் ஏன் என்பதை அடுத்த இயல் ஆராயும்.